பத்து வருடம் கழித்து ஃப்ரைபுர்க் போனால் நண்பர்கள் இருப்பார்களா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: "போன அக்டோபரில் ஃப்ரைபுர்கில் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். ஜெர்மன்காரர்களோடு பழகுவது கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருடத்தில் எப்படியும் ஊரை விட்டுப் போய்விடுவேன், எதற்கு இந்த மெனக்கெடல்? பல வருடம் கழித்து நீங்கள் திரும்பிப் போனீர்களாமே அக்கா, பழைய நட்பு ஏதாவது மிச்சம் இருந்ததா?"

இருந்தது. ஆனால் நான் அங்கே படித்தபோது யாரை நெருங்கிய கூட்டம் என்று நினைத்தேனோ, அவர்கள் யாரும் அந்த ஊரில் இல்லை.

வனவியலில் பிஎச்டிக்காக 2009 முதல் 2013 வரை ஃப்ரைபுர்கில் இருந்தேன். அப்புறம் வான்கூவரில் வேலை, கல்யாணம், குழந்தை, குடியுரிமை என்று இங்கேயே ஊன்றியாயிற்று. மறுபடி ஃப்ரைபுர்க் மண்ணை மிதித்தது 2023 செப்டம்பரில்.

ஸேபார்க் பக்கத்து மாணவர் குடியிருப்பில் எங்கள் பொதுச் சமையலறை நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் மனது அப்படியே உருகும். தமிழ், தெலுங்கு, வங்காளம், மெக்சிகோ, சீனா எல்லாம் ஒரே அடுப்பில். பரீட்சை சமயத்தில் யாராவது ஒருத்தர் எல்லோருக்கும் சேர்த்து வடித்துவிடுவோம். அந்தப் பாசம் பொய்யில்லை. ஆனால் படிப்பு முடிந்ததும் ஒருத்தர் முனிச், ஒருத்தர் பெங்களூரு, ஒருத்தர் டெக்சாஸ். பல்கலைக்கழக ஊர்களின் இயல்பு அது. திரும்பி வருகிறவருக்குக் கதவு திறக்கிறவர்கள் அந்த ஊரிலேயே வேர் உள்ளவர்கள்தான். எனக்குத் திறந்தது நடைக்குழு.

ஷ்வார்ஸ்வால்ட்ஃபெரைன் என்று ஒரு சங்கம் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். 1864இல் தொடங்கியது, ஜெர்மனியின் மிகப் பழைய மலைநடைச் சங்கம் அதுதான். ஊரை ஒட்டிய கறுப்புக் காட்டு மலைகளில், மரங்களில் நீங்கள் பார்க்கும் சாய்சதுர வழிக்குறிகள் அவர்கள் பராமரிப்பது. காட்டைப் படிக்கிற பெண் காட்டில் நடக்க வேண்டாமா என்று என் ஆய்வகத்தில் ஒருவர் சொல்லித்தான் போனேன். முதல் சில மாதம் "நல்லது", "குளிருகிறது" தவிர என்னிடம் யாரும் அதிகம் பேசவில்லை. நானும் விடாமல் போனேன். அங்கே பழக்கம் அப்படித்தான் வரும் தம்பி: ஒரே ஆட்கள், ஒரே கிழமை, மழையென்றாலும் வருவது. நம்மூரில் ஒரு காபியில் முடிகிற விஷயத்துக்கு அங்கே ஒரு குளிர்காலம் ஆகும். அது முடிந்துவிட்டால் பிறகு அசையாது.

2023 ஜனவரியிலேயே அந்த நடைக்குழுத் தோழி ஒருத்திக்கு எழுதினேன், செப்டம்பரில் வருகிறேன் என்று. சனிக்கிழமை மாலை 4 மணி என்று உடனே பதில் வந்துவிட்டது. எட்டு மாதம் முன்னால் நேரம் குறிப்பதை இங்கே நம் ஆட்கள் அந்நியம் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. உங்களுக்கென்று ஒரு மாலையை ஒதுக்கி வேறு யாருக்கும் அதைக் கொடுக்காமல் வைத்திருப்பது பெரிய மரியாதை. திடீரென்று போய் மணியடித்து அவர்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

அவள் வீட்டு மேசையில் பிளம் கேக், காபி. அவளுடைய சமையல் நோட்டையும் எடுத்து வைத்திருந்தாள். நான் 2011இல் சொல்லிக்கொடுத்த ரசம் அதில் ஜெர்மனில் இருந்தது. "நெல்லிக்காய் அளவு புளி" என்று நான் சொன்னது அவளுக்குப் புரியாததால், என் விரலைப் பார்த்து அளவுக்கு ஒரு வட்டம் வரைந்திருந்தாள். அந்த வட்டத்தைச் சுற்றி மஞ்சள் கறை, எண்ணெய்க் கறை. அவள் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் அந்த ரசம்தானாம்.

எங்களை நடத்திச் செல்லும் பெரியவர் 2020இல் இறந்துவிட்டார் என்று அங்கேதான் தெரிந்தது. மறுநாள் இருவரும் கல்லறைக்குப் போய்வந்தோம். அதனால் ஒன்று சொல்கிறேன்: கிறிஸ்துமஸுக்கு வருடம் ஒரு அட்டை, கையெழுத்தில், உங்கள் புது முகவரியோடு அனுப்புங்கள். வாட்ஸப் குழுவில் இல்லாத வயதானவர்களுக்கு உங்களோடு இருக்கும் ஒரே தொடர்பு அதுதான்.

ஊர்? மாறித்தான் இருந்தது. நான் இருந்தவரை ஊரின் பெரிய தேவாலயமான முன்ஸ்டரின் கோபுரத்தைச் சாரம் இல்லாமல் பார்த்ததே கிடையாது. பன்னிரண்டு வருடம் பழுதுபார்த்து 2018இல்தான் பிரித்தார்கள். 116 மீட்டர், உச்சிக் கூம்பு முழுக்கக் கல்லில் சல்லடை போட்ட மாதிரி, ஊடே வானம் தெரிகிறது. சந்தையின் வடக்குப் பக்கத்தில், விவசாயிகள் கடை போடும் இடத்தில், அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள், கொடுத்து வைத்தவர்.

பழைய யூத ஆலயச் சதுக்கம் எங்கள் காலத்தில் புல்தரை; வெயில் வந்தால் மாணவர்கள் எல்லோரும் அங்கே படுத்துக் கிடப்போம். இப்போது, 1938 நவம்பரில் நாஜிகள் எரித்த ஆலயத்தின் தரைவடிவிலேயே தண்ணீர்த் தொட்டி. புல் போனதில் எனக்கு வருத்தமில்லை. எதன்மேல் படுத்திருந்தோம் என்பது இப்போது வருகிற பிள்ளைகளுக்காவது கண்ணுக்குத் தெரிகிறது.

சரி, காகித வேலை. நீங்கள் இந்திய பாஸ்போர்ட்டில் இருப்பதால் கவனம்: ஜெர்மனியை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சாதாரண வதிவிட அனுமதி பொதுவாக ரத்தாகிவிடும். அப்புறம் நண்பர்களைப் பார்க்க வருவதற்கும் ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா) வேண்டும், எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். அழைப்புக் கடிதம் தரவும், தேவைப்பட்டால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடவும் அங்கே ஒருவர் இருந்தால் நல்லது. அந்தக் கையெழுத்துக்குப் பணப் பொறுப்பு உண்டு. லேசில் யாரும் போடமாட்டார்கள்.

அதனால் மெனக்கெடுங்கள். ஜெர்மன் மொழியில் பி1 நிலை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நான் அதற்குக் கீழ்ப்படியான ஏ2வோடு போனவள். நடை பிடிக்காவிட்டால் பாட்டுக்குழு, கால்பந்து, தீயணைப்புத் தொண்டர் படை, எதுவானாலும் சரி. வாராவாரம் கூடுவதாக இருக்க வேண்டும், உள்ளூர்க்காரர்கள் அதிகம் இருக்க வேண்டும். என் தோழி இன்னும் அதே குழுவில்தான் நடக்கிறாள். சரியென்றால் சொல்லுங்கள், அவளிடம் கேட்டுவிட்டு அடுத்த நடை எங்கே புறப்படுகிறது என்று எழுதுகிறேன். மழைக் கோட்டும் நல்ல ஷூவும் இருந்தால் போதும்.