சுற்றும் பொட்டலமும் ரேடியா பெர்ல்மனும்

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் (கணினிகளை இணைக்கும் பெட்டி) செருகிவிட்டார்கள். எல்லாக் கணினிகளும் முடங்கின. ஏன்? இதற்குத் தீர்வு கண்டவர் யார்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இணையத்தில் தரவு ஐ.பி. பொட்டலம் என்னும் சிறு துண்டுகளாகப் போகும்; ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. வலைகளை இணைக்கும் ரவுட்டர் ஒவ்வொன்றைக் கடக்கும்போதும் அது ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பொட்டலம் கைவிடப்படும். அலுவலகக் கேபிளில் அதைச் சுமக்கும் உறையான ஈதர்நெட் ஃபிரேமில் அந்த எண் இல்லை. எல்லோருக்குமான அறிவிப்பு ஒன்று உங்கள் கேபிள் உண்டாக்கியதுபோன்ற வளையத்தில் சிக்கினால், கேபிளைப் பிடுங்கும்வரை பெருகிச் சுற்றும்.

தீர்வு தந்தவர் ரேடியா பெர்ல்மன். எம்.ஐ.டி.யில் கணிதம் படித்தவர். 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் 'ஸ்பானிங் ட்ரீ' நெறிமுறையை வடிவமைத்தார். சுவிட்சுகள் தமக்குள் பேசி ஒன்றை வேராக (பாதைகளுக்கு மையமாக)த் தேர்ந்து, உபரிப் பாதைகளை அடைத்துவைக்கும். ஓடும் பாதை அறுந்தால் அடைத்ததைத் திறக்கும். அழகான யோசனை! ரவுட்டர்கள் பாதை கண்டறியும் ஐ.எஸ்.-ஐ.எஸ். என்ற நெறிமுறையிலும் அவர் பங்கு பெரிது.

விலை மலிந்த சுவிட்சில் இவ்வசதி பெரும்பாலும் இருக்காது. அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய 'மேனேஜ்டு' சுவிட்ச் வாங்குங்கள். முதன்மைச் சுவிட்சின் முன்னுரிமை எண்ணை 4096 ஆக்குங்கள்; எண் சிறியதே வேராகும். எல்லாவற்றிலும் இயல்பான 32768 என்றே விட்டால், மேக் முகவரி (கருவியில் பதித்த அடையாள எண்) சிறியதே வேராகும். மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சாகவும் அது அமையலாம். பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் போர்ட் (கேபிள் செருகும் துளை) திறக்க 30 விநாடி ஆகும். அதற்குள் கணினி ஐ.பி. முகவரி கேட்டு ஓய்ந்துவிடும். ஆகவே அதன் வேகமான வடிவமான ஆர்.எஸ்.டி.பி.யைத் தேர்ந்து, கணினி செருகும் போர்ட்டுகளை, காத்திராமல் உடனே திறக்கும் 'எட்ஜ்' என அமையுங்கள்.