எந்த ஊர் நீதிமன்றம் என்பதிலேயே பாதி வழக்கு: ஒரு சட்ட மாணவருக்குப் பதில்

தம்பி, மூட் கோர்ட்டில் (மாணவர்களின் மாதிரி நீதிமன்றப் போட்டி) ‘ஃபோரம் நான் கன்வீனியன்ஸ்’, அதாவது வேறொரு நாட்டு நீதிமன்றமே வழக்குக்குப் பொருத்தம் என்று இங்கே தள்ளுபடி செய்யும் கோட்பாடு, தலைப்பாக வந்ததிலிருந்து எல்லை தாண்டிய வழக்குகள் மேல் ஆசை வந்துவிட்டது, இதில் பிழைப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தில் தொடங்காதீர்கள். போபால் வழக்கில் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் தந்த தீர்ப்பை முதலில் படியுங்கள்.

1984 டிசம்பரில் விஷவாயு கசிந்ததும் அமெரிக்காவில் குவிந்த வழக்குகள், நீதிபதி ஜான் கீனன் முன் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. இந்திய அரசே 1985இல் தனிச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் அங்கே போய், இவ்வளவு பெரிய வழக்கை நடத்தும் வசதி எங்கள் நீதிமன்றங்களுக்கு இல்லை என்று வாதாடியது. இல்லை, இந்திய நீதிமன்றங்களுக்கு அந்தத் தகுதி உண்டு என்று ஆலையின் அமெரிக்கத் தாய் நிறுவனமான யூனியன் கார்பைடுக்காகப் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர், இந்தியாவின் புகழ்பெற்ற வழக்கறிஞர் நானி பல்கிவாலா! 1986 மே மாதம் கீனன் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்து, வழக்கு இந்தியாவில்தான் நடக்க வேண்டும் என்று தள்ளுபடி செய்தார். சாட்சிகளும் ஆவணங்களும் பெரும்பாலும் இந்தியாவில் இருக்கின்றன, ஆனால் நிபந்தனையாக இந்திய நீதிமன்ற அதிகாரத்துக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும், வழக்குப் போடும் காலவரம்பு முடிந்துவிட்டது என்று காரணம் காட்டக் கூடாது என்றார். 1989இல் இந்தியாவில் 47 கோடி டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது. இந்திய அரசு கேட்டிருந்ததோ 300 கோடி டாலருக்கும் மேல்.

கீனன் பின்பற்றிய அளவுகோல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளில் இருக்கிறது. 1947இன் கல்ஃப் ஆயில் வழக்கில்தான் சாட்சிகளை வரவழைக்கும் வசதி, சம்பவ இடத்தைப் பார்க்கும் வசதி, நீதிமன்றத்தின் சுமை, எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பவை எடைபோடப்பட்டன. 1981இன் பைப்பர் ஏர்கிராஃப்ட் வழக்கு, ஸ்காட்லாந்தில் விழுந்த விமானம் பற்றியது. வெளிநாட்டு வாதி அமெரிக்க நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தேர்வுக்கு மதிப்புக் குறைவு, மாற்று நாட்டுச் சட்டம் வாதிக்குச் சாதகமில்லை என்பது மட்டும் தள்ளுபடியைத் தடுக்கப் போதாது என்று அதில் சொன்னார்கள். மூட் கோர்ட்டில் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: அமெரிக்காவுக்குள்ளேயே வேறு ஃபெடரல் நீதிமன்றம் பொருத்தம் என்றால் 1948 முதல் வழக்கை மாற்றிக்கொள்ளலாம், தள்ளுபடி தேவையில்லை. இந்தக் கோட்பாடு இன்று முக்கியமாகக் கடிப்பது வெளிநாட்டு வழக்குகளைத்தான்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முடிவுகள் எடுக்கப்பட்ட தலைமை அலுவலகம் அமெரிக்காவில் இருக்கும்போது, சம்பவம் வேறு நாட்டில் நடந்தது என்பதற்காக மட்டும் வழக்கைத் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்று நீதிமன்றம் சட்டப்புத்தகத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. எத்தனை வருடத்தில் முடிக்கும், ஏழை வாதியால் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடியுமா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் வாதத்தை அங்கே குத்துங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லை தாண்டிய வழக்குகளைக் கவனிக்கும் இந்திய சட்ட நிறுவனங்களில் நீங்கள் செய்யும் வேலை இதுதான்: ஒப்பந்தத்தில் எந்த நாட்டு நீதிமன்றம் என்ற ஷரத்தை எழுதுவது, வெளிநாட்டு வழக்குக்காக இந்தியச் சட்டம் பற்றிய பிரமாணப் பத்திரம் தயாரிப்பது. அமெரிக்கத் தீர்ப்பை இங்கே நேரடியாக நிறைவேற்ற முடியாது, அதை வைத்துப் புதிதாக வழக்குப் போட வேண்டும். வெளிநாட்டுத் தீர்ப்புகளைப் பற்றிய, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம், 44ஏ பிரிவுகளை இப்போதே நன்றாகப் படித்துவிடுங்கள்.

எல்.எல்.எம். என்ற முதுகலைச் சட்டப் படிப்புக்கு அமெரிக்கா போக வீட்டை அடமானம் வைக்கும் யோசனை வேண்டாம். முதலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வணிக வழக்குகள் நடத்தும் ஒரு சீனியரிடம் ஓரிரு வருடம் சேருங்கள். மனு எழுதும் கை வந்தபிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பட்டதாரிகள் நியூயார்க் மாநில வழக்கறிஞர் தேர்வு எழுத வழியிருக்கிறது, ஆனால் உங்கள் படிப்பு அதற்குத் தகுதிபெறுமா என்று தேர்வு வாரியத்திடம் கேட்டபிறகுதான் கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டும்.