பிரிட்டனில் பிசியோவாகப் பதிவு செய்வது: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

பிரிட்டனுக்கு வந்து பிசியோவாக, அதாவது பிசியோதெரபிஸ்டாக, வேலை பார்ப்பது பற்றி ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

*கோவையில் பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்தேன் அக்கா. அங்கே என்ன பரீட்சை எழுத வேண்டும்?*

எல்லோரும் எழுதியாக வேண்டிய பரீட்சை என்று எதுவும் இல்லை தம்பி. அமெரிக்கா என்றால் என்பிடிஇ என்ற பிசியோ தேர்வை எழுதி 600 எடுத்தாக வேண்டும். இங்கே பிசியோக்களைப் பதிவு செய்யும் எச்சிபிசி என்ற அமைப்பு, உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் காகிதத்தில் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. போதாது என்று தோன்றினால் கூடுதல் விவரம் கேட்பார்கள், திறன் சோதனைக்கும் அழைக்கலாம்.

ஆக, கல்லூரி நிரப்பித் தரும் பாட விவரப் படிவம்தான் உங்கள் விடைத்தாள். எலும்பு-தசை, நரம்பியல், இதய-நுரையீரல் மூன்றிலும் என்ன படித்தீர்கள், எந்த வார்டில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பது அதில் தெரிய வேண்டும். நான் படித்த கல்லூரியில் மணிநேரம் கேட்ட இடத்தில் ஒரு கோடு இழுத்து, மேலே சீல் வைத்து அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் போச்சு. நீங்கள் பயிற்சி நேரங்களைக் குறித்த லாக் புக்கோடு கல்லூரிக்கு நேரில் போய் உட்காருங்கள். ஒரு வேலை நாள் போனாலும் பரவாயில்லை.

*ஐஇஎல்டிஎஸ் எவ்வளவு?*

இந்த ஆங்கிலத் தேர்வில் மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது. நம் ஆட்கள் பெரும்பாலும் ரைட்டிங்கில்தான் வழுக்குகிறார்கள்.

*அங்கேயே எம்எஸ்சி படித்துவிட்டால் பதிவு தானாகக் கிடைத்துவிடும் என்று ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா?*

எந்த எம்எஸ்சி என்று அவரிடம் கேட்டீர்களா? இரண்டு வகை உண்டு. பதிவுக்கு முந்தைய எம்எஸ்சி என்பது எச்சிபிசி அங்கீகரித்த படிப்பு. அதை முடித்தால் இந்த நாட்டில் படித்தவராகவே விண்ணப்பிக்கலாம். 'அட்வான்ஸ்டு பிசியோதெரபி' போன்ற பெயரில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. அதை முடித்தாலும் உங்கள் இந்திய பிபிடியை வைத்து, வெளிநாட்டில் படித்தவர் என்ற வழியில்தான் விண்ணப்பிக்க முடியும். வீட்டை அடமானம் வைத்து வந்து, படிப்பு முடியும் நேரத்தில் இது தெரிந்து என் சமையலறையில் உட்கார்ந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் எச்சிபிசி தளத்திலேயே இருக்கிறது. ஃபீஸ் கட்டும் முன் அதில் உங்கள் படிப்பைத் தேடுங்கள். அதில் இல்லை என்றால் ஏஜென்ட் என்ன சொன்னாலும் இல்லைதான்.

*இந்தியாவில் லைசென்ஸ் என்று எதுவும் எடுக்கவில்லை. பிசியோதெரபி சங்க உறுப்பினர் அட்டை போதுமா?*

சங்கம் வேறு, அரசு கவுன்சில் வேறு. துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்ததே 2021இல்தான், அதனால் லைசென்ஸ் இல்லாதது அதிசயமில்லை. எந்தக் கவுன்சிலிலாவது பதிந்திருந்தால் அதன் சான்றைக் கொடுங்கள். பதியவில்லை என்றால், பதியவில்லை என்றே விண்ணப்பத்தில் எழுதுங்கள். சங்க அட்டையை லைசென்ஸ் என்று மட்டும் காட்டாதீர்கள்.

*நான் பேராதனையில் படித்தனான். எங்களுக்கும் இதே வழியா?*

இதே வழிதான். இலங்கை மருத்துவச் சபையில் பதிந்திருப்பீர்கள், அந்தச் சான்றையும் சேர்த்துக் கேட்டு வாங்கி வையுங்கள்.

*கல்யாணம், குழந்தை என்று நாலு வருடம் வேலை பார்க்கவில்லை. கதவு மூடிவிட்டதா?*

இல்லையம்மா. இரண்டு முதல் ஐந்து வருட இடைவெளி என்றால் 30 நாள், ஐந்தைத் தாண்டினால் 60 நாள், அறிவைப் புதுப்பித்துக்கொண்டதைக் காட்ட வேண்டும். அதில் பாதிவரை வீட்டிலிருந்தே படிக்கலாம். மீதி, ஒரு பிசியோவின் மேற்பார்வையில் வேலை பார்த்தோ முறையான வகுப்பில் சேர்ந்தோ. தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

*பதிவுக்குக் காத்திருக்கும்போது, தெரிந்தவர் வீடுகளுக்குப் போய் முதுகு வலிக்குப் பார்க்கலாமா?*

பிசியோ என்று சொல்லிக்கொண்டு போகக் கூடாது. பிசியோதெரபிஸ்ட், பிசிக்கல் தெரபிஸ்ட் இரண்டும் சட்டம் காக்கும் தொழில் பெயர்கள். பதிவில்லாமல் போட்டுக்கொள்வது குற்றம், வாட்ஸ்அப்பில் போட்டாலும்தான். அதற்குப் பதில் மருத்துவமனைகளில் பிசியோ உதவியாளர் வேலை தேடுங்கள், விசா அனுமதித்தால். அதற்கு எச்சிபிசி பதிவு வேண்டாம். என் முதல் குளிர்காலம் முழுக்க, இடுப்பு ஆபரேஷன் முடிந்த பாட்டிகளை வாக்கர் பிடித்து நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் எனக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தது அந்த வார்டின் சீனியர் பிசியோதான்.