தனியுரிமை உலாவிக்கு ஒரு டெவலப்பரை வேலைக்கு எடுக்கிறோம். எதைப் பார்த்து எடுப்பது?

ஐந்து பேர் கொண்ட குழு, ஃபயர்ஃபாக்ஸை அடித்தளமாக வைத்து ஒரு தனியுரிமை உலாவி, முதல் முழுநேர டெவலப்பர் பணியிடம், அதற்கு வந்து குவிந்திருக்கும் ரெஸ்யூமேக்கள். எப்படி வடிகட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதேபோன்ற ஒரு சிறிய குழுவில் நான்கு வருடங்களாக வேலை செய்கிறேன். மூன்று முறை ஆள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. முதல் முறை தவறாக எடுத்தோம்.

அந்த முதல் நபர் மிகத் திறமைசாலி. சி பிளஸ் பிளஸ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. வெள்ளைப் பலகையில் நாங்கள் கொடுத்த கணக்குகளையெல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததில் பாதி நேரத்தில் முடித்தார். இரண்டாம் மாதத்தில், பயனர் அனுமதி கொடுத்து வைத்திருக்கும் தளங்களைப் பட்டியலிடும் அமைப்புகள் பக்கத்தை அழகாக்கும் வேலையை அவரிடம் கொடுத்தோம். ஒவ்வொரு தளத்தின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் சின்னம் தெரியும்படி செய்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தச் சின்னத்தை அந்தந்தத் தளத்திலிருந்து அந்த நொடியில் புதிதாக இறக்கிக்கொண்டு வந்தது கோட். பட்டியலில் அறுபது தளங்கள் இருந்தால், அமைப்புகளைத் திறந்த உடனேயே அறுபது சர்வர்களுக்கும் ஒரே முகவரியிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கை போகும். பயனர் எந்தத் தளத்தையும் திறக்கவில்லை, ஆனால் எல்லாத் தளங்களுக்கும் அவர் வந்தது தெரியும். வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னால், பரிசோதனை செய்பவர் நெட்வொர்க் போக்குவரத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததால் பிடிபட்டது.

அவர் மீது எனக்கு இன்றும் குறை இல்லை. வேறு எந்த நிறுவனத்தில் இருந்திருந்தாலும் அது நல்ல கோட்தான். நாங்கள் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதுதான் பிழை.

இந்த வேலையில் புதிதாகக் கட்டுவது குறைவு, காவல் காப்பது அதிகம். பயனரின் ஐபி முகவரியை மறைக்கும் டார் வலை வழியாக இயங்கும் உலாவியான டார் பிரவுசரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஃபயர்ஃபாக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மேல் கட்டப்பட்டது. ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை அந்த அடித்தளம் மாறும். 2023 அக்டோபரில் வந்த 13.0 ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் மேல் நின்றது, 2024 அக்டோபரில் வந்த 14.0 ஃபயர்ஃபாக்ஸ் 128-இன் மேல் நின்றது. ஒவ்வொரு தாவலிலும் தங்கள் பேட்ச்கள் (அடித்தளக் கோட்டில் தாங்கள் செய்த திருத்தங்கள்) அனைத்தையும் புதிய கோட் மேல் மறுபடி பொருத்த வேண்டும். கூடவே, அந்த ஒரு வருடத்தில் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா சேர்த்தவற்றில் எது பயனரைக் காட்டிக்கொடுக்கும் என்று தேடித் தேடிப் படிக்க வேண்டும். இதை அலுப்பாக நினைப்பவர் ஆறு மாதத்தில் போய்விடுவார்.

படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பர் ஒரு சாட்சி. மேக்கிலும் லினக்ஸிலும் ஒரு குறிப்பிட்ட வகைக் கோப்பு இணைப்பைச் சொடுக்கினால், இயங்குதளம் டார் வலையைத் தாண்டி நேரடியாக வெளி சர்வரோடு தொடர்பு கொண்டுவிடும், உண்மையான ஐபி முகவரி வெளியாகிவிடும். ஃபயர்ஃபாக்ஸ் கோப்பு இணைப்புகளைக் கையாண்ட விதத்தில் இருந்த ஓட்டை அது. சாதாரண உலாவியில் அதனால் பெரிய சேதம் இல்லை. டார் பிரவுசரில் அது ஒருவரின் உயிர்ப் பிரச்சினை. அவசரமாக 7.0.9 வெளியிட்டு அடைத்தார்கள்.

அதனால் இப்போது நாங்கள் வெள்ளைப் பலகைக் கணக்கு கொடுப்பதில்லை. அந்தச் சின்னம் இறக்கும் பேட்ச்சையே, நாற்பது வரிதான், அச்சடித்துக் கொடுத்து "இதை அனுமதிப்பீர்களா?" என்று கேட்கிறோம். பெரும்பாலானவர்கள் கோட்டில் உள்ள மாறிகளின் (variables) பெயர்களையும் பிழை கையாளுதலையும் பார்ப்பார்கள். சிலர் மட்டும் "இந்தக் கோரிக்கை எங்கே போகிறது, குக்கீ சேர்ந்து போகிறதா?" என்று கேட்பார்கள். அந்தச் சிலரோடு அடுத்த கட்டம்.

அடுத்த கட்டத்தில் ஒரே கேள்வி. "ஒரு பயனர் தன் உலாவி மொழியைத் தமிழ் என்று வைத்திருக்கிறார். நாம் என்ன செய்ய வேண்டும்?"

எளிமையாகத் தெரிந்தாலும் இதற்குள் வேலை முழுவதும் இருக்கிறது. உலாவி ஒவ்வொரு தளத்துக்கும் தன் விருப்ப மொழியைச் சொல்லிக்கொண்டே போகும். ஆங்கிலம் என்று சொல்பவர் பெருங்கூட்டத்தில் ஒருவர். தமிழ் என்று சொல்பவர் விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டத்தில் ஒருவர். நேர மண்டலம் ஐந்தரை மணி என்று தெரிந்தால் இந்தியா அல்லது இலங்கை என்று ஆகிவிடும். கணினியில் நாம் ஆசையாக நிறுவி வைத்த தமிழ் எழுத்துருவைத் தளத்தால் கண்டறிய முடிந்தால் கூட்டம் இன்னும் சுருங்கும். இப்படிச் சின்னச் சின்ன அடையாளங்கள் சேர்ந்து உருவாவதைத்தான் உலாவியின் கைரேகை என்கிறோம். 2010-இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் தன் சோதனைத் தளத்துக்கு வந்த 4,70,161 உலாவிகளை ஆராய்ந்தபோது, 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. குக்கீயை அழித்தாலும் இந்த ரேகை அழியாது.

டார் பிரவுசர் இதற்கு எடுத்த வழி, எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவது. நேரம் எல்லோருக்கும் யுடிசி என்னும் உலகப் பொது நேரம். ஆங்கிலம் அல்லாத மொழியில் பயன்படுத்துபவரிடம், தளங்களுக்கு ஆங்கிலம் என்றே சொல்லட்டுமா என்று கேட்கும். லினக்ஸில் நோட்டோ எழுத்துருக்களைத் தன்னுடனேயே கொண்டுவரும், அதில் நோட்டோ சான்ஸ் தமிழும் உண்டு. அதனால் தமிழ்ப் பக்கம் கட்டம் கட்டமாக உடையாது, உங்கள் கணினியில் வேறென்ன எழுத்துரு இருக்கிறது என்பதும் வெளியே தெரியாது. 2019-இல் வந்த 9.0 முதல், சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கினால் பக்கத்தைச் சுற்றி வெற்றுப் பட்டை தெரியும். சாளரத்தின் துல்லியமான அளவும் ஓர் அடையாளம் என்பதால், பக்கத்தின் அளவை அகலத்தில் 200, உயரத்தில் 100 பிக்சல் மடங்குகளுக்கு வெட்டி நிறுத்துவதால் வருவது அது. புதிதாகச் சேரும் டெவலப்பர்களில் பலர் முதலில் சரிசெய்ய நினைக்கும் 'பிழை' அதுதான்.

நான் இதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஆளைத் தேடவில்லை. மொழியை மறைத்தால் ஆங்கிலம் தெரியாத ஒரு பாட்டிக்குத் தளம் பயனற்றுப் போகும், மறைக்காவிட்டால் ஒரு பத்திரிகையாளர் அடையாளம் தெரிந்து மாட்டிக்கொள்ளலாம். இந்த இழுபறியை உணர்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.

நாங்கள் கடைசியாக எடுத்த பெண் பெரிய கல்லூரியிலிருந்து வந்தவர் அல்ல. மொசில்லாவின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் இரண்டு வருடங்களாகச் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தவர். மறுஆய்வில் வந்த கண்டிப்பான கருத்துகளுக்கு அவர் எழுதிய பதில்களைப் படித்தே பாதி முடிவு செய்துவிட்டேன். மொழிக் கேள்விக்கு அவர் முதலில் "தமிழ் வைத்திருப்பவர்கள் நம்மிடம் எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே நிறுத்தி, "இல்லை, அது நமக்குத் தெரியக் கூடாது இல்லையா? அப்படியென்றால் எண்ணிக்கை தெரியாமல்தான் முடிவெடுக்க வேண்டும்" என்றார். பிறகு இருபது நிமிடம் இருவரும் சேர்ந்தே யோசித்தோம். அது இன்டர்வியூ மாதிரியே இல்லை.

தொழில்நுட்பத் தகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சி பிளஸ் பிளஸ்ஸும் ஜாவாஸ்கிரிப்டும் படித்துப் புரிய வேண்டும், ஆண்ட்ராய்டு பதிப்பு இருந்தால் கோட்லின். பிறர் எழுதிய லட்சக்கணக்கான வரிகளுக்குள் பயமில்லாமல் நுழையத் தெரிய வேண்டும். மீதியைக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் செய்ய வேண்டியவையும் சில உண்டு. சோதனை வேலை ஒரு நாளைத் தாண்டினால் அதற்குச் சம்பளம் கொடுங்கள். விண்ணப்பிப்பவரின் முகநூலையும் புகைப்படத்தையும் கேட்காதீர்கள். இந்தத் துறையில் புனைபெயரில் பல வருடம் நல்ல பங்களிப்பு செய்தவர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கான தாள்களில் உண்மைப் பெயர் தேவைப்படும், ஆனால் அது உங்களுக்கும் கணக்காளருக்கும் தெரிந்தால் போதும். விண்ணப்பப் படிவத்தைக் கூகுள் ஃபார்மில் வைக்காதீர்கள். நாங்கள் முதல் தடவை வைத்தோம், நல்ல இரண்டு பேர் அதைப் பார்த்தே விலகிக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். 2020 ஏப்ரலில் டார் பிரவுசரை உருவாக்கும் அமைப்பான டார் திட்டமே கொரோனா நெருக்கடியில் 13 பேரை அனுப்ப வேண்டி வந்தது, 22 பேர் கொண்ட குழுவாகச் சுருங்கியது. அவ்வளவு பெயர் பெற்ற அமைப்புக்கே அப்படி என்றால் நம்மைப் போன்ற குழுக்களைக் கேட்கவே வேண்டாம். கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது, அது மானியமா நன்கொடையா என்பதை வேலை உறுதிக் கடிதம் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் அந்தப் பெண்ணிடம் பதினான்கு மாதங்கள் என்று சொன்னோம். ஒரு நாள் அவகாசம் கேட்டார், வீட்டில் பேசிவிட்டு மறுநாள் சேருவதாகச் சொன்னார்.