யாழ்ப்பாணத் தீவுகளில் நான்கு இரவு: எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் ஆறு பேர் ஆகஸ்டில் நான்கு இரவு யாழ்ப்பாணம் வருகிறோம். மாமனார், மாமியார் இருவரும் சுத்த சைவம். மாமனாருக்கு முழங்கால் வலியும் உண்டு. கணவருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கடல் உணவு என்றால் உயிர். தீவுப் பயணம் என்று கிளம்பிவிட்டு ஊருக்குள் தங்குவானேன், ஏதாவது ஒரு தீவிலேயே கடற்கரையோரமாக அறை எடுக்கலாம் என்று யோசிக்கிறோம். நெடுந்தீவா, காரைநகரா? சாப்பாட்டை அங்கங்கே பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். நான்கு இரவும் யாழ்ப்பாண நகரத்திலேயே தங்குங்கள், தீவுகளுக்குப் பகலில் போய் வாருங்கள். கடலைப் பார்த்தபடி கண்விழிக்கும் ஆசை புரிகிறது. ஆனால் எங்கள் தீவுகள் விடுதிகளுக்காக உருவானவை அல்ல. மீன்பிடியும் தோட்டமும் கோயிலும் உள்ள ஊர்கள் அவை. போரில் பலர் இடம்பெயர்ந்து போனதில் ஆட்கள் குறைந்த ஊர்களும் கூட. பொழுது சாய்ந்தபின் அங்கே கடை தேடினால் பல நாள் ஒன்றும் அகப்படாது. வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிவரும்போது முதலில் தீர்மானிக்க வேண்டியது இரவுச் சாப்பாடு எங்கே என்பதைத்தான். அது முடிவானால் படுக்கை எங்கே என்பது தானாக முடிவாகிவிடும்.

ஆகஸ்ட் என்கிறீர்கள். அறை பதிவு செய்வதற்கு முன்னால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாத் தேதிகளைப் பாருங்கள். ஆடி அமாவாசையிலிருந்து ஆறாம் நாள் கொடியேறும். 25 நாள் நடந்து, 24ஆம் நாள் தேரும் 25ஆம் நாள் தீர்த்தமும் வரும். அமாவாசையைப் பொறுத்து இது சில ஆண்டுகளில் ஜூலைக் கடைசியிலேயே தொடங்கிவிடும், சில ஆண்டுகளில் செப்டம்பர் வரை போகும். அந்த நாட்களில் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் சனம் பாதி ஊருக்கு வந்துவிடும். அறை வாடகை ஏறும், நல்ல அறைகள் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள் என்பது உங்களுக்கு முக்கியம். விடுதி கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி என்று விளம்பரத்தில் இருக்கும், ஆனால் பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் அந்த இரண்டு தெருவை நடந்துதான் கடக்க வேண்டியிருக்கும். இன்னொன்றும் உண்டு. திருவிழா முடியும்வரை மச்சம், அதாவது மீனும் இறைச்சியும், சமைக்காத வீடுகள் இங்கே ஏராளம். நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு நண்டுக் கறி கேட்டால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

உங்கள் பயணம் திருவிழாவுக்குள் விழுந்தால் சுண்டுக்குளி, பழைய பூங்காப் பக்கம் பாருங்கள். மரங்கள் அடர்ந்த அமைதியான பகுதி. நல்லூருக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். மீன் இறங்கும் பாசையூரும் குருநகரும் பக்கத்திலேயே. திருவிழாவுக்கு வெளியே வந்தால் நல்லூரே நல்லது. உங்கள் மாமியார் காலையும் மாலையும் தானே நடந்து கோயிலுக்குப் போய்வர முடியும், அந்த வசதியை வேறு எந்த விடுதியும் தராது. ஆஸ்பத்திரி வீதி, பேருந்து நிலையச் சுற்றுப்புறம் தனியாக வருபவர்களுக்குச் சரி. குடும்பத்துக்கு இரைச்சல் அதிகம்.

அறை கேட்கும்போது நான்கு விஷயங்களைத் தொலைபேசியிலேயே கேளுங்கள். கீழ்த்தளத்தில் அறை உண்டா? இங்கே பல விடுதிகள் இரண்டு மாடி வீடுகள், லிஃப்ட் இருக்காது. குளிக்கிற தண்ணீர் எப்படி? யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், கிணற்றுத் தண்ணீர் கடினமானது. சில இடங்களில் உவர்ப்பும் கலந்திருக்கும், சவர்க்காரம் (சோப்பு) நுரைக்காது. குளிக்கலாம், கெடுதல் இல்லை. குடிக்க மட்டும் வடிகட்டிய தண்ணீரோ போத்தல் தண்ணீரோ வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது, சொன்ன விலை எல்லாம் சேர்த்தா? பெரிய விடுதிகளில் சொன்ன தொகைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும், 18 சதவீதம் வரியும் பில்லில் ஏறலாம். நான்கு இரவு, இரண்டு மூன்று அறை என்றால் அது சிறிய தொகை இல்லை. நான்காவதுதான் பெரிய கேள்வி: வீட்டுச் சமையல் உண்டா, முதல் நாள் சொன்னால் செய்து தருவீர்களா?

ஏன் பெரிய கேள்வி என்கிறேன் என்றால், யாழ்ப்பாணச் சாப்பாட்டின் சிறந்த பகுதி கடைகளில் இல்லை, வீடுகளில்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் நண்டுக் கறி மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காலையில் சந்தையில் உயிரோடு வாங்கி, மத்தியானத்துக்குள் வறுத்தரைத்த தூளும் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு, இறக்குகிற நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கை இலை போட்ட கறி வேறு ஒன்று. ஒடியல் கூழ் அதைவிடவும் அப்படி. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து அதன் கசப்பைப் போக்க வேண்டும். பிறகு மீன், நண்டு, இறால், கணவாய், பயற்றங்காய், மரவள்ளிக் கிழங்கு, பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில் வேக, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேரும். இரண்டு பேருக்கு யாரும் கூழ் காய்ச்சுவதில்லை. ஆறு பேர், பத்து பேர் இருந்தால்தான் அது கூழ். அதனால் உணவகப் பட்டியலில் அதைத் தேடி ஏமாறாமல், தங்குகிற வீட்டில் ஒரு நாள் முன்பே சொல்லி வையுங்கள். வீட்டுக்காரரின் குடும்பத்தையும் சேர்ந்து குடிக்கக் கூப்பிடுங்கள். மறுக்கமாட்டார்கள், கூழும் நன்றாக வரும். நண்டுக்கும் மீனுக்கும் அன்றைய சந்தை விலையைத் தனியாகவும், சமையல் கூலியைத் தனியாகவும் முன்கூட்டியே பேசிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நிம்மதி.

உறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கறித்தூள் உங்கள் ஊர்க் குழம்புக்கு இருப்பதைவிடக் கடுமையானது. கறி மேசைக்கு வந்தபின் “காரம் கூட” என்று சொல்லிப் பயனில்லை. பிள்ளைகளுக்கு உறைப்பைக் குறைத்து, பால் கூட விட்டுச் செய்யச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். விளைமீன் சொதி, அதாவது உறைப்பில்லாத தேங்காய்ப்பால் குழம்பு, ஒன்று சேர்த்துச் செய்யச் சொன்னால் அவர்கள் சோறு முழுவதையும் அதிலேயே முடித்துவிடுவார்கள்.

இனி உங்கள் மாமனார் மாமியார். யாழ்ப்பாணத்தில் சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எங்கே கேட்பது என்று தெரிய வேண்டும். சைவக்கடை என்று பெயர் உள்ள இடத்தில் பயமில்லாமல் சாப்பிடலாம். சந்தைப் பக்கம் மலாயன் கஃபே பழைய கடை. வாழையிலையில் சோறு, நெரிசலான நேரத்தில் எதிரே யாரோ ஒருவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நல்லூர்ப் பக்கம் மாங்கோஸ் இருக்கிறது, தோசை இட்லி பழகிய நாக்குக்கு அது உடனே ஒத்துப்போகும். ஆனால் நான் அவர்களை முதலில் அனுப்புவது இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் அம்மாச்சி உணவகத்துக்குத்தான். மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்கள் நடத்துவது. கண் முன்னே சுடச்சுட அப்பமும் தோசையும் சுடுவார்கள், குரக்கன் (கேழ்வரகு) பிட்டு, இலைக்கஞ்சி என்று விடுதிகளில் கிடைக்காதவையும் இருக்கும், விலையும் குறைவு. அலங்காரம் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம். சாயங்காலம் நல்லூரடியில் ரியோவில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளைகளோடு பெரியவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

சைவக்கடைக்கு வெளியே சாப்பிடும்போது கவனம் தேவை. தேங்காய்ச் சம்பலிலும், குறிப்பாகச் செத்தல் மிளகாயை இடித்துச் செய்யும் கட்டச்சம்பலிலும், மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது இலங்கை முழுவதும் வழக்கம். பார்த்தால் தெரியாது. சொதியிலும் சில இடங்களில் இறாலோ மீனோ விழும். பேக்கரிகளில் ரோல்ஸும் பட்டீஸும் மீன், மரக்கறி எல்லாம் ஒரே தட்டில் அடுக்கி வருவதும் உண்டு. “மாசி போட்டிருக்கா?” என்று நேரே கேளுங்கள். யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள். வீட்டில் தங்கினால் இந்தக் கவலை குறைவு. மச்சத்துக்கு ஒரு சட்டி, சைவத்துக்கு ஒரு சட்டி என்று தனித்தனியாக வைத்துப் புழங்கும் வீடுகள் இங்கே நிறைய. அறை பதிவு செய்யும்போதே அதைக் கேட்டுக்கொள்ளலாம்.

சரி, தீவுகள். ஆறு பேரும் சேர்ந்து போக நயினாதீவு. நகரத்திலிருந்து பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேண்டும். இரு பக்கமும் கடல் இருக்க நடுவே வீதி போகும் அந்தப் பயணமே பிள்ளைகளுக்குப் போதும். பேருந்தும் உண்டு, ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு வான் (வேன்) பிடியுங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் 20 நிமிடத்துக்குள் நயினாதீவு. படகில் ஏறி இறங்க ஒரு எட்டு எடுத்து வைக்க வேண்டும், கை கொடுக்க ஆள் இருப்பார்கள், இருந்தாலும் கணவர் பக்கத்தில் நிற்கட்டும். நாகபூசணி அம்மன் கோயிலில் மத்தியானப் பூசைக்கு நேரமாகப் போய்ச் சேர்ந்தால், பூசை முடிந்து அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சாப்பாடு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தத் தீவில் அதைவிட நல்ல சாப்பாடு வேறு இல்லை. அங்குள்ள புத்த விகாரையையும் பார்த்துவிட்டுப் பிற்பகலில் திரும்பலாம். வழியில் வேலணையில் சாட்டிக் கடற்கரையில் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் இறக்கி விடுங்கள்.

நெடுந்தீவு வேறு கணக்கு. அதே குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மே முதல் செப்டம்பர் வரை சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும், அந்தக் கடல் சும்மா இருக்காது. உங்கள் மாமனாரை நான் அதில் ஏற்றமாட்டேன். அவர்கள் நகரத்தில் கோயிலும் ஓய்வுமாக இருக்கட்டும், நீங்கள் நால்வரும் காலைப் படகில் போய் வாருங்கள். நெடுந்தீவு பார்க்க வேண்டிய இடம்தான், அதில் சந்தேகமே இல்லை. பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையின் சிதைவு, பெருக்கமரம் (பாவோபாப்), வெட்டவெளியில் கூட்டமாக மேயும் குதிரைகள் எல்லாம் அங்கே உண்டு. ஆனால் நிழல் குறைவு, கிணறுகள் பெரும்பாலும் உவர், கடைகள் சில. இறங்கியவுடன் ஓட்டோ பேசுவீர்கள் அல்லவா, அந்த ஓட்டோக்காரரிடமே மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். குதிரையெல்லாம் பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் பசியோடு கேட்டால் சோறு முடிந்திருக்கும். கடைசிப் படகு பிற்பகலிலேயே கிளம்பிவிடும். நேரங்கள் மாறும் என்பதால் காலையில் இறங்கும்போதே திரும்பும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, கையில் பணம், இந்த மூன்றும் நகரத்திலிருந்தே போக வேண்டும். அங்கே ஓர் இரவு தங்கலாமா என்று கேட்டால், நீங்களும் கணவரும் மட்டும் வந்திருந்தால் ஆம் என்பேன். சிறிய தங்குமிடங்கள் உண்டு. இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.

காரைநகர் தீவு என்றாலும் படகு தேவையில்லை, பொன்னாலைப் பாலத்தால் வாகனத்திலேயே போகலாம். கசூரினாக் கடற்கரையில் வெகுதூரம் இடுப்பளவு தண்ணீர்தான், பிள்ளைகள் குளிக்க யாழ்ப்பாணத்தில் இதைவிடத் தோதான இடம் இல்லை. சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் பழைய கோட்டையில் கடற்படை ஒரு விடுதி நடத்துகிறது. எல்லா வசதியோடும் கடலோரம் ஓர் இரவாவது தங்கியே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், இருக்கிற வழி அதுதான். அங்கேயே இரவுச் சாப்பாடு கிடைப்பதால் நான் முதலில் சொன்ன சிக்கல் இல்லை. ஆனால் படகில் ஏறி இறங்குவது உண்டு என்பதை மாமனாரை நினைத்து யோசியுங்கள்.

இரவில் நகரத்திலும் நேரத்தைக் கவனியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் நல்ல சைவக்கடை திறந்திருப்பது அரிது, கொத்து ரொட்டிக் கடைகள்தான் மிஞ்சும். தீவுக்குப் போய்வரும் நாளில் களைத்து வருவீர்கள், அன்றைய இரவுக்கு வீட்டிலேயே இடியப்பமும் சொதியும் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள். கூழுக்கும் நண்டுக்கும் நாள் குறிக்கும்போது வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். திருவிழா இல்லாத காலத்திலும் வெள்ளியன்று மச்சம் சமைக்காத வீடுகள் அதிகம், மீன் வாங்கிக் கொடுத்தாலும் அடுப்பேற்ற மாட்டார்கள்.