மிகுபுனைவு (ஃபேண்டஸி) நாவல்களை, உளவியலாளர் யுங் சொன்ன ஆழ்படிமங்களை, அதாவது மனித மனங்களுக்கெல்லாம் பொதுவான வடிவங்களை, வைத்து வாசித்தால் உண்மையில் ஏதாவது புரிகிறதா, இல்லை பெயர் ஒட்டும் வேலைதானா?

புரிகிறது. ஆனால் "இவர் ஞானக்கிழவர், இவன் நிழல், இவள் அன்னை" என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் கிடைக்காது. பல வருடம் நான் அப்படித்தான் வாசித்தேன். பக்க ஓரத்தில் பென்சிலால் ஆளுக்கொரு பெயர் எழுதிவைப்பேன். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மந்திரவாதி காண்டால்ஃபும் ஆர்தர் மன்னர் கதைகளின் மந்திரவாதி மெர்லினும் ஒரே பெட்டிக்குள் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமே மிஞ்சாது.

இதை மாற்றியது உர்சுலா லெ க்வின் 1968இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ'. கெட் என்ற இளம் மந்திரவாதி, சக மாணவனிடம் தன் திறமையைக் காட்டுவதற்காக, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியே கூடவே ஒரு நிழலும் வந்து அவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. அதற்குப் பயந்து ஓடிக்கொண்டே இருக்கிறான். பழைய குரு ஒஜியன்தான் சொல்கிறார், ஓடாதே, திரும்பி நீ அதைத் துரத்து என்று. கடைசியில் நடுக்கடலுக்கு அப்பால் இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. கெட் அதன் பெயரைச் சொல்கிறான். அதே கணத்தில் நிழலும் வாய் திறக்கிறது. இரண்டு குரலிலும் வருவது ஒரே பெயர்: கெட்.

நம்முடையதல்ல என்று நாம் ஒதுக்கித் தள்ளிய பகுதியைத்தான் யுங் நிழல் என்றார். (லெ க்வின் இதை எழுதியபோது யுங்கைப் படித்திருக்கவில்லை. எனக்கு இது இன்றும் வியப்பு.) ஆனால் இந்த விளக்கம் பாதிதான். அந்த உலகத்தில் ஒன்றின் மெய்ப்பெயர் தெரிந்தவனுக்கே அதன்மேல் அதிகாரம். நாவல் ஆரம்பத்திலிருந்தே இந்த விதியை நமக்குப் பழக்கிவிடுகிறது. அதனால்தான் "இது நான்தான்" என்ற ஒப்புதல் அங்கே மந்திரமாகவே பலிக்கிறது. நிழல் என்ற கருத்து அந்தக் கதையின் விதிக்குள் புகுந்து வேலை செய்வதை அங்கேதான் முதன்முதலில் கண்ணால் பார்த்தேன்.

யுங் ஆழ்படிமத்தைப் படிகத்தின் அச்சமைப்போடு, அதாவது அது எந்த ஒழுங்கில் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்போடு, ஒப்பிட்டார். அச்சமைப்பு பொதுவானது, ஒவ்வொரு படிகமும் தனித்தனி. நாம் வாசிக்க வேண்டியது கையில் இருக்கும் படிகத்தை.

ஆகவே இப்போது நான் கேட்பது "யார் நிழல்?" என்றல்ல, "நிழலை இவன் என்ன செய்கிறான்?" என்று. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் இதைக் கேட்டுப் பாருங்கள். அதை எழுதிய டோல்கீனுக்கு உருவகக் கதையே பிடிக்காது, அதனால் மோதிர ஆசையில் சீரழிந்துபோன கோலம் என்ற பாத்திரம்தான் நிழல் என்று சூத்திரம் எழுத வேண்டாம். நடப்பதை மட்டும் பார்ப்போம். அந்த மோதிரத்தை எரிமலை நெருப்பில் அழிக்கக் கொண்டுபோகும் ஃப்ரோடோ கோலமிடம் இரக்கம் காட்டுகிறான், தானும் அப்படி ஆகிவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். எரிமலை விளிம்பில் மோதிரம் எனக்கே என்று சொல்லவும் செய்கிறான். கோலம் அவன் விரலைக் கடித்துப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுகிறான். கெட்டுக்கு நடந்தது இங்கே நடக்கவில்லை. இரண்டும் ஒன்றாகவில்லை, ஒன்று விழுந்துவிட்டது, இவனுடைய விரலோடு. போர் முடிந்த பின்னும் காயம்பட்ட நாள் வரும்போதெல்லாம் ஃப்ரோடோ நோயில் விழுவதும், தான் காப்பாற்றிய ஊரிலேயே இருக்க முடியாமல் கப்பல் ஏறுவதும் ஏன் என்று எனக்கு விளங்கியது இப்படிக் கேட்ட பிறகுதான்.