கிராக்-யோர்கன்சன் துப்பாக்கியை வடிவமைத்தவர் யார்?

ஓலே கிராக். 1837-ல் பிறந்த நார்வே பீரங்கிப்படை அதிகாரி. பிறகு கோங்ஸ்பெர்க் ஆயுதத் தொழிற்சாலையின் இயக்குநர். ஆனால் எரிக் யோர்கன்சன் என்ற துப்பாக்கிக் கம்மியரை மறந்துவிடக் கூடாது. பெயரில் பாதி அவருடையது.

இந்தத் துப்பாக்கியின் அழகே வலப்பக்கத்துச் சின்னக் கதவுதான். அதைத் திறந்து ஐந்து தோட்டாக்களை உதிரியாகப் போட்டு மூடினால் போதும். உள்ளேயுள்ள வில் (ஸ்பிரிங்) அவற்றை அடிவழியாக இடப்பக்கம் தள்ளி மேலே ஏற்றிவிடும். இரண்டு சுட்டாச்சா? சரி, போல்ட்டை, அதாவது குழலின் பின்புறத்தை மூடும் தாழை, திறக்காமலேயே இரண்டை நிரப்பலாம். எனக்கு இன்றும் வியப்பு தரும் யோசனை இது!

டென்மார்க் 1889-லும், அமெரிக்கா 1892-லும் இதைத் தங்கள் படைக்கு ஏற்றுக்கொண்டன. சொந்த நாடான நார்வே 1894-ல்தான் ஏற்றது. அப்புறம், 1898-ல் கியூபாவில் ஸ்பெயினோடு அமெரிக்கா மோதிய போரில், ஸ்பானியரின் மவுசர் துப்பாக்கிகளில் ஒரு உலோகப் பட்டையில் கோத்த ஐந்து தோட்டாக்களையும் ஒரே அழுத்தில் நிரப்ப முடிந்தது; கிராக்கில் உதிரியாகத்தான் போட வேண்டும். அதனால் அமெரிக்கா 1903-ல் வேறு துப்பாக்கிக்கு மாறியது. ஓலே கிராக் 1916-ல் காலமானார்.